பங்குதாரர் எண் 214

ஐஸ் கட்டியை அடமானம் வைக்க முடியாது என்றது வங்கி.
சிரிக்காமல்தான் சொன்னார் அந்த மேலாளர்:
உருகாத ஏதாவது இருக்கிறதா, மிஸ் வெர்லீன்?

இருந்தது.
ஓல்ட் ஹார்பர் கடற்கரைச் சாலையில் ஒரு தகரக் கூரை,
என்னைவிட மூன்று வயது மூத்த கம்ப்ரஸர்,
உப்புக்காற்று கதவைத் தின்று முடித்த லாரி,
பிறகு என் கையெழுத்தில் பதினோரு வருடக் கணக்கு நோட்டுகள்.
அதில் பாதி நீர்மேல் எழுத்து:
லின்வல், ஆறு பாளம், வெள்ளிக்கிழமை தருகிறான்.
எந்த வெள்ளி என்று எழுதவில்லை.

ஆகவே கிங்ஸ்டனுக்குப் போனோம்.
சின்னக் கம்பெனிகளுக்கென்று
பங்குச் சந்தையில் ஒரு பக்கவாசல் உண்டாம்.
நம் ஃபேக்டரியைவிடக் குளிர் என்று
கைப்பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தார் மிஸ் வெர்லீன்.
ஐந்தில் ஒரு பங்கை விற்கலாம் என்றார் தரகர்.
யாருக்கு?
யாருக்கு வேண்டுமானாலும்.
அந்தச் சொல்லை மேசைமேல் கொஞ்ச நேரம் கிடக்கவிட்டார்,
எங்கே அறுப்பது என்று பார்க்கும் பாளம் போல.

நூற்றிருபது பக்க ஆவணம்.
இடர்கள் என்ற தலைப்புக்குக் கீழே மட்டும் காலி.
அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சினேன்.

புயல். போன தடவை கூரை சர்ச் முற்றத்தில் கிடந்தது.
கரண்டு பில்.
மீன் வராத மாதங்கள்,
வந்தும் விலை போகாத மாதங்கள்.
மகன் டொரண்டோவில். அங்கே ஐஸ்
வாசலிலேயே இலவசமாகக் கிடக்கிறதாம்.
என் ரத்த அழுத்தம்.
இதையுமா, என்றேன்.
பணம் போடுகிறவன் தெரிந்துகொண்டு போடட்டும்.

இன்னொன்று, என்று நிறுத்தினார்.
நின்றுபோவதற்குக் கால்மணி முன்னால்
கம்ப்ரஸர் ஒரு இருமல் இருமும்.
அது எனக்கு மட்டும்தான் கேட்கும்,
தூக்கத்திலும்.
வக்கீல் அதை வாங்கி
‘முக்கிய நபரைச் சார்ந்திருத்தல்’ என்று திருத்தினார்.
முப்பது வருட ராத்திரிகள்
மூன்று சொல்லுக்குள் போய்விட்டன.

விற்பனை திறந்த அன்று லின்வல் வந்தான்.
நோட்டில் நாற்பத்தோராயிரம் டாலர் நிற்கிறவன்.
செதில் ஒட்டிய கையில்,
பாலிதீன் பைக்குள், ஒரு கட்டு.
நான் பேனாவைத் திறந்தேன்.
கடனுக்கு இல்லை, என்றான். பங்குக்கு.

உள்ளிருந்து கத்தினார் மிஸ் வெர்லீன்:
முதலில் என் பாக்கியைக் கட்டு!

பாக்கி எங்கே போகப்போகிறது,
அது உங்களோடுதான் இருக்கும்.
பங்கு நாளைச் சாயங்காலம் மூடிவிடும்.

தரகரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.
தடை ஒன்றும் இல்லை என்றார்;
சிரிப்பை அடக்கும் மூச்சு ஃபோனில் கேட்டது.

பணம் வந்தது.
புதுக் கம்ப்ரஸரும் வந்தது. சாம்பல் நிறம். இருமாது.
ஒரு வாரம் மிஸ் வெர்லீனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை,
சத்தம் இல்லாததால்.

வருடம் திரும்பி முதல் பொதுக்கூட்டம்.
மீனவர் கூட்டுறவு மண்டபம், இரண்டு மின்விசிறி,
அதில் ஒன்று சும்மா.
லாபம் கொஞ்சம். பங்காதாயம் அதைவிடக் கொஞ்சம்.
கேள்விகள் உண்டா என்று கேட்டதும்
கடைசி வரிசையில் இஸ்திரி போட்ட சட்டை ஒன்று எழுந்தது.

பக்கம் முப்பத்தொன்றைப் பாருங்கள், மிஸ் வெர்லீன்.
வராத பாக்கி இவ்வளவு நிற்கிறது.
என் வியர்வைப் பணம் இதில் கிடக்கிறது.
கண்டவனுக்கெல்லாம் எதற்கு ஐஸைக் கடனாகக் கொடுக்கிறீர்கள்?

மண்டபம் வாயைப் பொத்திக்கொண்டது.
வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர்
அந்த முப்பத்தொன்றாம் பக்கத்தில் குடியிருப்பவர்கள்.

நடவடிக்கைக் குறிப்பில் எழுதினேன்:
பங்குதாரர் எண் 214 வராக்கடன் குறித்துக் கவலை தெரிவித்தார்.
நிர்வாக இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை
எழுதவில்லை.
துடைத்துவிட்டு அவனை நெடுநேரம் பார்த்ததையும்.

பதில்: கவலை நியாயமானது.
கூட்டம் முடிந்ததும் பங்குதாரர்
கொஞ்சம் இருந்துவிட்டுப் போகவும்.